கம்பெனி பஸ்ஸில் நேர்க்கோடு

பத்தாவது கணக்குப் பரீட்சையில் நான் முதல் தடவை தோற்றபோது எனக்கு வயது பதினாறு. இரண்டாம் தடவை தோற்றபோது முப்பத்தைந்து. நடுவில் இருந்த வருஷங்களில் கணக்குப் பக்கமே நான் தலை வைத்துப் படுக்கவில்லை. கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்தேன். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். அதன் இரண்டு தோல் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஓரத்திலிருந்து இம்மியும் விலகாமல் தைக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. பத்தாவது ஃபெயில் என்பது அந்த மெஷினுக்குத் தெரியாது.

எங்கள் வீடு ஜோலார்பேட்டையில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால். காலை ஆறே முக்காலுக்கு கம்பெனி பஸ் வரும். வாணியம்பாடியில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குள் ஆம்பூர் கேட்டில் இறக்கிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பாலான பெண்கள் தூங்குவார்கள். சிலர் பூ கட்டுவார்கள். நானும் தூங்குகிறவளாகத்தான் இருந்தேன்.

ஒரு நாள் கம்பெனியில் எங்களைக் கூப்பிட்டு, லைன் சூப்பர்வைசர் வேலைக்கு இனிமேல் தையல் பெண்களிலிருந்தே எடுக்கப் போகிறோம், பத்தாவது பாஸ் செய்திருந்தால் போதும் என்றார்கள். என் பழைய மார்க் காகிதத்தைப் பார்த்த ஆபீசர் அம்மா, "எல்லாம் பாஸ் பண்ணியிருக்கீங்க, கணக்கு மட்டும்தானே? எழுதிடுங்க" என்றார். கடைக்குப் போய் கொத்தமல்லி வாங்கி வாருங்கள் என்று சொல்வதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார். அந்தச் சுலபம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த வாரமே பணம் கட்டி, தனித்தேர்வராகப் பெயர் கொடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் பயம் வந்தது. புத்தகமெல்லாம் மாறிவிட்டிருந்தது. மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் முடித்துப் போட்டிருந்த ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் விடை போட்ட நோட்ஸையும் எடுத்துக்கொண்டேன். அங்கிருந்து தொடங்கினால்தான் பத்தாவது புரியும் என்று பட்டது. மகளிடம் சந்தேகம் கேட்க வெட்கம். கணவர் கொத்தனார். செங்கல் கணக்கு கேட்டால் மனசிலேயே போட்டுச் சொல்லிவிடுவார், எக்ஸ் ஒய் என்றால் சிரிப்பார். ஆகவே பஸ்ஸில்தான் படித்தேன். கடைசிக்கு இரண்டு வரிசை முன்னால், ஜன்னல் ஓரம், பையை மடியில் வைத்து அதன்மேல் நோட்டு.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ அந்தக் கணக்கில் வந்து மாட்டிக்கொண்டேன். 2x + y = 12 என்ற சமன்பாட்டிற்கு ஏதேனும் நான்கு தீர்வுகளைக் காண்க.

எனக்குத் தெரிந்து கணக்கு என்றால் ஒரு கேள்வி, ஒரு விடை. இங்கே ஒரே ஒரு வரியைக் கொடுத்துவிட்டு, தெரியாத பொருள் இரண்டு இருக்கிறது என்கிறார்கள். போதாததற்கு விடை நாலு வேண்டுமாம். தடவித் தடவி ஒன்றைக் கண்டுபிடித்தேன். x ஐந்து, y இரண்டு. இரண்டு ஐந்து பத்து, பத்தும் ரெண்டும் பன்னிரண்டு. சரியாகத்தான் வந்தது. ஆனால் நோட்ஸைத் திருப்பிப் பார்த்தால் அதில் வேறு நாலு சோடி இருந்தன. பூஜ்யமும் பன்னிரண்டும், ஒன்றும் பத்தும், இரண்டும் எட்டும், மூன்றும் ஆறும். என்னுடைய ஐந்தும் இரண்டும் அதில் இல்லை. பேனாவை எடுத்து என் விடையைக் குறுக்காக அடித்தேன்.

"ஏங்க்கா அடிச்சிட்டீங்க? கரெக்டா தானே இருக்கு?"

பக்கத்து சீட்டில் இருந்த பெண் கேட்டாள். வாணியம்பாடியில் ஏறுகிறவள். செக்கிங் டேபிளில் வேலை. நாங்கள் தைத்து அனுப்பும் அப்பரை வெளிச்சத்தில் பிடித்து, தையல் தாண்டியிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, சரியில்லை என்றால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். புர்காவும் தோள்பையும், பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேலும். இரண்டு வருஷமாக ஒரே பஸ்ஸில் வந்தும் நாங்கள் பேசிக்கொண்டது கம்மி. அவள் வீட்டில் உருது பேசுகிறவள். கம்பெனியில் வேலைக்கு எவ்வளவு தமிழ் தேவையோ அவ்வளவு பேசுவாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"நோட்ஸ்ல வேற போட்ருக்காங்க," என்றேன்.

"நோட்ஸ்ல நாலு போட்ருக்காங்க. நீங்க போட்டது அஞ்சாவது. அவ்ளோதான்." என் நோட்டை வாங்கி எண்களைப் பார்த்தாள். தமிழ் வரிகளின்மேல் அவள் கண் நிற்காமல் நகர்ந்தது தெரிந்தது. "இது கத்தி முசாவாத் தானே?"

"கத்தியா?"

அவள் சிரித்துவிட்டாள். அவள் படித்தது வாணியம்பாடியில் உருது மீடியத்தில். நாம் சமன்பாடு என்பதை அவர்கள் முசாவாத் என்பார்கள். நேர்க்கோட்டுக்கு உரியது என்பதற்கு அவர்கள் வார்த்தை கத்தி. கத்தியில் முதல் எழுத்தைத் தொண்டைக்குள்ளிருந்து கொண்டுவர வேண்டும். எனக்கு அது வரவேயில்லை. தோல் வெட்டும் கத்திதான் என் வாயில் வந்தது.

"முசாவாத்துன்னா வெறும் கணக்கு மட்டும் இல்லக்கா," என்றாள். "எல்லாரும் சமம்னு பெரியவங்க பேசுவாங்க இல்ல, அதுக்கும் இதே வார்த்தைதான்."

தீர்வுக்கு அவர்கள் சொல்வது ஹல். அதுமட்டும் எனக்கு ஒரே தடவையில் வந்தது.

அன்றைக்கு ஆம்பூர் வருவதற்குள் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இன்றும் அப்படியே சொல்ல முடியும். "எக்ஸுக்கு ஏதாவது ஒண்ணு வைங்க. எது வேணா. அப்புறம் ஒய் தானா வரும்."

"எக்ஸ் இன்னான்னு யார் சொல்வாங்க?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்கதான் வைக்கணும்."

"நானே வைக்கலாமா?"

"வேற யார் வைப்பா?"

நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எனக்கு முன்னால் வந்த எதிலும் முதல் எண்ணை நான் வைத்ததில்லை. எந்த ஊர், எந்த வீடு, எத்தனை மணிக்கு எழுவது, எந்த மெஷின், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சோடி, எல்லாம் யாரோ வைத்துக் கொடுத்தது. மீதியைச் சரிக்கட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. பேனாவை எடுத்து எக்ஸுக்கு ஆறு என்று வைத்தேன். ஒய் பூஜ்யம் வந்தது. நாலு வைத்தேன், நாலு வந்தது. அரை வைக்கலாமா என்று கேட்டேன். தாராளமா என்றாள். அரை வைத்தால் பதினொன்று. பஸ் நின்று எல்லோரும் இறங்கிய பிறகும் நான் வைத்துக்கொண்டே இருந்தேன்.

அதிலிருந்து தினமும் நான் அவளுக்கு இடம் பிடித்து வைத்தேன். வாணியம்பாடியில் அவள் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். கேள்வியைத் தமிழில் நான் வாசிப்பேன். அவள் கண்ணை மூடிக் கேட்டு, தனக்குள் உருதுவில் ஒரு தடவை சொல்லிப் பார்த்து, பிறகு தமிழில் எனக்கு விளக்குவாள். மாறி என்று நான் சொன்னால் முதகய்யிர் என்பாள். சில வார்த்தைகளுக்கு இரண்டு பேருக்குமே பொருள் தெரியாது. அப்போது கணக்கையே போட்டுப் பார்த்து, ஓ இதுதானா என்போம். நீங்க என்பது ஒரு மாதத்தில் நீ ஆனது. சாப்பாட்டு நேரத்திலும் சேர்ந்தே உட்கார்ந்தோம். அவள் டப்பாவில் கறி இருந்தால் எனக்கு ஒரு துண்டு. என் டப்பாவில் புளிக்குழம்பு இருந்தால் அவளுக்கு.

ஒரு மத்தியானம் வரைபடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். கிராஃப் நோட்டை நான் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். கழிவுப் பெட்டியில் கிடந்த, ஷூவுக்கு உள்பக்கம் வைக்கும் ஒரு லைனிங் தோல் துண்டை எடுத்தாள். தோலில் தையல் குறி போடும் சில்வர் பேனாவால், ஸ்கேல் வைத்து, கட்டம் கட்டமாக அழகாகக் கோடு போட்டாள். கறுப்புத் தோலில் வெள்ளி மின்னியது. நான் மூன்று புள்ளி வைத்தேன். அந்தப் பக்கமாக வந்த கட்டிங் மாஸ்டர் எங்கள் பின்னால் நின்று பார்த்தார். தோலை வீணாக்குகிறோம் என்று திட்டப் போகிறார் என்று நான் துணியைப் போட்டு மூடப் போனேன்.

"மூணாவது புள்ளி தள்ளியிருக்கும்மா," என்றார் அவர். "ஒரு கோட்ல வரல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்த்தால் வாஸ்தவம். ஒய் நாலு என்பதற்குப் பதிலாக ஐந்து என்று போட்டிருந்தேன். அவள் அதை வைத்தே எனக்குச் சொன்னாள். "ரெண்டு புள்ளி இருந்தாலே கோடு போடலாம்கா. ஆனா ரெண்டுல ஒண்ணு தப்புன்னா தெரியாது. அதான் மூணு வைக்கிறது. மூணாவது காட்டிக் கொடுத்துடும்."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஏனென்று தெரியவில்லை, நான் அவளிடம் பழைய கதையைச் சொன்னேன். ஒன்பதாவதில் ஒரு கிளாஸ் டெஸ்ட். இதே மாதிரி கேள்வி. நான் ஏதோ எண்களைப் போட்டு ஒரு விடை கண்டுபிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவள். அவள் தாளில் வேறு எண்கள். என்னுடையது தப்பு என்று முடிவு செய்து அழித்தேன். அவளுடையதை எழுதிப் பார்த்தேன், பாதிதான் தெரிந்தது, அதையும் அழித்தேன். ஈர ரப்பர். தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. வாத்தியார் அந்தத் தாளை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "இதுல காத்து நல்லா வருது" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை. தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு கணக்கு நோட்டைத் திறந்தாலே எனக்கு வியர்க்கும்.

அவள் சிரிக்கவில்லை. "நீ போட்டது சரியா இருந்திருக்கும்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"தெரியாது. இருந்திருக்கும்னு தோணுது."

பரீட்சை வந்தது. சென்டர் திருப்பத்தூரில். எல்லாம் என்னைப்போலப் பாக்கி வைத்தவர்கள். பெரும்பாலும் சின்ன வயசு. என்னை டீச்சர் என்று நினைத்து ஒரு பெண் வணக்கம் வைத்தாள். பாதிக்கு மேல் நன்றாகவே எழுதினேன். வரைபடக் கேள்வி எட்டு மார்க். ஒரே வேகத்தில் போகும் ஒரு வண்டி, நேரம் எக்ஸ், தூரம் ஒய். நான் எக்ஸுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துப் புள்ளியெல்லாம் குறித்துவிட்டேன். கோடு போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது முன் பெஞ்சில் இருந்த பெண் தன் கிராஃப் தாளை நிமிர்த்திப் பார்த்தாள். அதன் அட்டவணையில் இரண்டு, நாலு, ஆறு, எட்டு என்று இருந்தது.

தெரியும். எக்ஸுக்கு எதை வைத்தாலும் சரி என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் நூறு தடவை போட்டிருக்கிறேன். ஆனாலும் என் கை ரப்பரை எடுத்துவிட்டது. அழித்தேன். மறுபடி கட்டம் எண்ணத் தொடங்கினேன்.  பாதியில் மணி அடித்தது.

இருபத்தொன்பது மார்க். பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும்.

ரிசல்ட் வந்த மறுநாள் நான் பஸ்ஸில் என் இடத்தில் உட்காரவில்லை. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில், இஞ்சின் மேல் போட்டிருக்கும் நீள சீட்டில், ஜோலார்பேட்டைப் பெண்களோடு போய் நெருக்கி உட்கார்ந்தேன். வாணியம்பாடியில் அவள் ஏறினாள். என்னைப் பார்த்தாள். பின்னால் எங்கள் சீட்டுக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு நேரத்தில் நான் மெஷினுக்குப் பக்கத்திலேயே டப்பாவைத் திறந்து அவசரமாகத் தின்றேன். வீட்டில், அதே பரீட்சையை எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்த மகள் எனக்கு முன்னால் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தாள். அந்த மௌனம்தான் ஜாஸ்தி வலித்தது.

இப்படி ஒன்பது நாள். பத்தாவது நாள் வாணியம்பாடியில் ஏறியவள் நேராக முன்னால் வந்து, என் பக்கத்தில் இருந்தவரிடம், "அக்கா, பின்னாடி ஜன்னல் சீட் காலியா இருக்கு, போறீங்களா?" என்றாள். அவர் எழுந்து போனார். அவள் உட்கார்ந்தாள். இஞ்சின் சூடு காலில் அடித்தது.

எவ்வளவு மார்க் என்று அவள் கேட்கவில்லை. "கிராஃப் போட்டியா?" என்று கேட்டாள்.

"போட்டேன். அழிச்சிட்டேன்."

வழியில் மின்னூர் தாண்டியது. நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் இங்க வந்து உக்காந்த?"

"வெக்கமா இருந்துச்சு."

"என்கிட்டயா?"

"உங்கிட்டதான். இவ்ளோ கஷ்டப்பட்டு சொல்லிக் குடுத்த."

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே மெதுவாகப் பேசினாள். "எனக்கு இந்த ஒம்பது நாளும் ரொம்ப பேஜாரா இருந்துச்சுக்கா. பன்னெண்டாவதுல கணக்குல நான் ஸ்கூல் ஃபர்ஸ்ட். அப்பாக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சு தோல் பதனிடுற ஷாப்புக்குப் போறத நிறுத்துனாரு. நான் இங்க வந்துட்டேன். நாள் முழுக்க அந்த டேபிள்ல லைட்டு கீழ தையல் பாக்குறேன். உங்கூட பஸ்ல உக்கார்ற அந்த நேரம் மட்டும்தான், நான் படிச்சவ அப்படின்னு எனக்கே ஞாபகம் வரும். நீ எந்திரிச்சு முன்னாடி போய்ட்ட. எனக்கு இன்னா இருக்கு அப்புறம்?"

இத்தனை மாதமாக அவள் எனக்கு உதவி செய்கிறாள் என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் தோல் சாயம் ஏறியிருந்தது. என் விரலும் அப்படித்தான்.

"துணைத் தேர்வு இருக்காம்," என்றேன். "மறுபடி எழுதலாம்."

"அதான் கேக்க வந்தேன்," என்றாள்.

இந்தத் தடவை அவள் வேறு மாதிரி செய்தாள். இரண்டு பேரும் ஒரே சமன்பாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் போடுவதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. கேன்டீன் பெஞ்சில் அவள் ஒரு முனை, நான் ஒரு முனை, நடுவில் தண்ணீர் ஜக்கும் சாப்பாட்டு டப்பாக்களும் மறைப்பாக. முதல் நாள் எடுத்தது 3x + 2y = 18. நான் எக்ஸுக்குப் பூஜ்யம், இரண்டு, நாலு வைத்தேன். ஒய் ஒன்பது, ஆறு, மூன்று வந்தது. பிறகு ஒரே கிராஃப் தாளில் என் புள்ளிகளை நீல மையால் குறிக்கச் சொன்னாள். தன்னுடையதைப் பச்சையால் குறித்தாள். அவள் வேண்டுமென்றே வம்பான எண்களாக வைத்திருந்தாள். எக்ஸுக்கு மைனஸ் இரண்டு, ஒய் பன்னிரண்டு. எக்ஸுக்கு எட்டு, ஒய் மைனஸ் மூன்று. தாளின் ஒரு கோடியில் ஒரு பச்சை, மறுகோடியில் ஒரு பச்சை. என்னுடைய மூன்று நீலமும் நடுவில் பக்கத்தில் பக்கத்தில்.

"உன்னுது எங்கியோ போவுது," என்றேன்.

"ஸ்கேலை வை."

வைத்தேன். ஐந்து புள்ளியும் ஒரே கோட்டில் நின்றன. அவளுடைய மேல் புள்ளியிலிருந்து இறங்கி, என்னுடைய மூன்றையும் தொட்டு, அவளுடைய கீழ்ப் புள்ளியில் போய்ச் சேர்ந்தது.

புத்தகத்தில் இது எழுதியிருக்கிறது. ஒரு சமன்பாட்டின் எல்லாத் தீர்வுகளும் ஒரே நேர்க்கோட்டில் அமையும் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். நானும் அதை மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வைத்த புள்ளிகள் என் கண் முன்னால் ஒரே கோட்டில் வந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். ஸ்கேலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடித்துவிட்டது. அவள் தாளை மடித்து என் பைக்குள் வைத்துவிட்டு டேபிளுக்கு ஓடினாள்.

பரீட்சை வரைக்கும் தினமும் அப்படியே செய்தோம். என்னுடைய எண்கள் அவளுடையதோடு ஒத்துப்போனால்தான் எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்ற அளவுக்கு வந்துவிட்டேன். யாருக்கும் தோன்றாததாக ஒன்றை வைக்க வேண்டும் என்று யோசிப்பேன். ஒரு தடவை எக்ஸுக்கு என் வயதை வைத்தேன். ஒய் மைனஸில் எங்கோ போனது. தாளில் இடமில்லை என்று அவள் திட்டினாள்.

துணைத் தேர்வன்று அவள் லீவு போட்டுவிட்டு என்னோடு திருப்பத்தூர் வந்தாள். நான் கேட்கவில்லை. ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்கு முன்னால் காலையிலேயே வந்து நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூட கேட்டில் என் பவுச்சைத் திறக்கச் சொன்னாள். பேனா இரண்டு, பென்சில், ஸ்கேல், ரப்பர். ரப்பரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"தப்பாயிட்டா இன்னா பண்றது?"

"ஒரு கோடு போட்டு அடி. பக்கத்துல வேற எழுது. தாள் எவ்ளோ கேட்டாலும் குடுப்பாங்க."

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அவள் எதிர்க்கடை நிழலில் நின்றிருந்தாள். உள்ளே நான் எழுதிக்கொண்டிருந்தேன். வரைபடக் கேள்வி வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் மூச்சு விட்டேன். எக்ஸுக்கு எனக்குப் பிடித்த எண்களாக நாலு வைத்தேன். மூன்றாவது புள்ளி கொஞ்சம் விலகியது. பெருக்கலில் தப்பு இருந்தது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியாக எழுதினேன். சுற்றி யார் என்ன போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "கோடு வந்துச்சா?"

"வந்துச்சு."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு ரோஸ் மில்க் குடித்தோம்.

ரிசல்ட் வந்தபோது நாங்கள் வேலையில் இருந்தோம். கம்பெனிக்குள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மத்தியானம் பெல் அடித்ததும் இரண்டு பேரும் லாக்கருக்கு ஓடினோம். போனை அவளிடமே கொடுத்தேன். அவள்தான் நம்பரைத் தட்டினாள். ரிசல்ட் பக்கம் சுற்றிச் சுற்றி நின்று பிறகு திறந்தது. அவள் தமிழை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "தே… தேர்ச்சி. ஐம்பத்தி நாலு." பிறகு உருதுவில் ஏதோ சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. லைன் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் பஸ்ஸில் நான் பேச்சை எடுத்தேன். "நீ டிகிரி படி. தபால்ல படிக்கலாம். வேலைக்கும் வரலாம்."

"வீட்ல ஒத்துக்க மாட்டாங்கக்கா."

"கேட்டியா?"

"கேக்கவே வேணாம். தெரியும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியில் அவள் வீட்டுக்குப் போனேன். நீளமான சந்து. வீட்டு வாசலில் பச்சைத் திரை. அவள் அப்பா கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். பேசினால் மூச்சு இரைக்கும். ஆனாலும் வாம்மா, உக்காரும்மா என்று தமிழில் வரவேற்றார். அவள் அம்மா டீயும் சமோசாவும் கொண்டுவந்து வைத்தார். என் பொண்ணு உங்களப் பத்திதான் எப்பவும் பேசுவா, நீங்க பாஸானதுக்கு எங்க வீட்ல பாயசம் வச்சா என்றார் அப்பா. அது எனக்குத் தெரியாது.

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "ஐயா, அவளை மேல படிக்க வைக்கணும். பி.எஸ்ஸி. கணக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் கிளாஸ். நீங்க வேணாம்னு சொல்லாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டார். "நான் எப்பம்மா வேணாம்னு சொன்னேன்? அவ என்னைக் கேக்கவே இல்லையே. பன்னெண்டாவது முடிச்சா, வேலைக்குப் போறேன்னு வந்து நின்னா. அவளுக்குப் படிப்பு போதும்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

அவள் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா உருதுவில் மெதுவாக அவளை ஏதோ கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அம்மா பின்னாலேயே போனார். அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அத்தனை வருஷமும் ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவர் மனசில் இருப்பதை இன்னொருவர் தாமாகவே முடிவு செய்துகொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சமோசா சாப்பிடும்மா" என்றார்.

இப்போது நான் லைன் சூப்பர்வைசர். நீலக் கோட்டு போட்டிருக்கிறேன். முதல் தடவை எடுக்கவில்லை, இரண்டாம் தடவைதான் எடுத்தார்கள். என் லைனில் தைத்த அப்பர்கள் அவள் டேபிளுக்குத்தான் போகின்றன. அவள் எனக்காக ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "அக்கா, உன் லைன்ல மூணாவது மெஷின்ல நூல் தளர்ந்திருக்கு" என்று சிவப்பு ஸ்டிக்கரோடு நாலு சோடி திரும்பி வரும். கோபம் வரும். போய்ப் பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும்.

அவள் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கணக்கெல்லாம் எனக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அவள் புத்தகத்தைத் திறந்தால் எண்களே இல்லை, எழுத்துகள்தான். முதல் வருஷம் அவளுக்கு இருந்த ஒரே கஷ்டம் தமிழ்ப் பேப்பர். பேசுகிற தமிழ் சரளமாக வரும். எழுத உட்கார்ந்தால் ஒற்றும் புள்ளியும் அவளைப் படுத்திவிடும். முதல் தடவை அதில் மட்டும் அரியர் விழுந்துவிட்டது. அதனால் இப்போது பஸ்ஸில் நாங்கள் தமிழ் படிக்கிறோம்.

போன வாரம் அவள் ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ஊரில் குடிதண்ணீர்க் குழாய் வேண்டி நகராட்சிக்கு எழுதுவதாக வந்த மாதிரிக் கேள்வி. மடியில் பை, பையின்மேல் நோட்டு. பஸ் குலுங்கும்போதெல்லாம் பேனாவைத் தூக்கிக்கொள்வாள்.

"பணிவுடன்ல ரெண்டு சுழி ன வா, மூணு சுழி ண வா?"

"முதல்ல வர்றது மூணு சுழி. கடைசில ரெண்டு சுழி."

"எதுக்குக்கா இத்தனை சுழி?"

"எனக்குத் தெரியாது. எழுது."

எழுதினாள். முகவரி போடும் இடத்தில் எங்கள் தெருப் பெயரைப் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "உங்க தெருவுலதானே தண்ணி வரல, நேத்து சொன்னியே," என்றாள். வாசித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில்தான் பிழை. அந்தப் பிழைகளைத் திருத்தி, கடிதத்தை அப்படியே படியெடுத்து, திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு நகராட்சியில் கொடுத்துவிட்டு வந்தேன்.